புளி போட்டுத் துலக்கிய பென்னிகள்

பழைய நாணயம் தேடும் தொழிலில் காதுக்கு வேலை கொஞ்சம், முழங்காலுக்குத்தான் வேலை அதிகம். தொழில் என்று நான் மட்டுமே சொல்லிக்கொள்வேன். எழுபதுகளின் கடைசியில் மெல்போர்னின் ஓரத்தில் உள்ள டண்டினொங்கில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு சனிக்கிழமைப் பைத்தியம் இருந்திருக்கும். மீன்பிடியாக இருக்கலாம், பழைய ரேடியோ கழற்றுவதாக இருக்கலாம். ஆகவே என் பாட்டை உங்களிடம் தயங்காமல் சொல்லலாம். சிரிக்கவும் இதில் இடம் இருக்கிறது. ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது நான் கெடுத்த ஒரு செப்புக்காசு.

முதல் அறுவடை

டிடெக்டரை எனக்கு விற்றவர் மார்க்கோ. பக்கத்து மெஷினில் வேலை செய்த யூகோஸ்லாவியாக்காரர். டிடெக்டரின் எடை ஒரு நல்ல தண்ணீர் வாளிக்குக் குறையாது. முதல் சனிக்கிழமை பூங்காவுக்குக் கொண்டுபோனேன். காதுக்குள் கீங் என்றது. குந்தியிருந்து தோண்டினேன். பியர் டின்னை இழுத்துத் திறக்கிற வளையம். பத்தடி தள்ளி மறுபடியும் கீங். மறுபடியும் வளையம். மத்தியானம்வரை அந்தப் பூங்காவில் யார் யார் எங்கெங்கே இருந்து குடித்தார்கள் என்பதைத்தான் கண்டுபிடித்தேன்.

திங்கட்கிழமை மார்க்கோவிடம் முறையிட்டேன். உன்னுடைய மெஷினுக்கு வளையத்துக்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். அவர் சாண்ட்விச்சை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தெரிந்திருந்தால் உனக்கு ஏன் விற்கிறேன்?"

யாரும் போகாத இடம்

பிறகுதான் புத்தி வந்தது. எல்லாரும் தேடுகிற இடத்தில் எல்லாரும் விட்ட வளையம்தான் இருக்கும். காசு கிடப்பது மனிதன் தன் சட்டைப்பையை மறக்கிற இடங்களில். பழைய விளையாட்டு மைதானத்தின் வாசல், உடுப்புக் காயப்போடும் கொடியின் அடி, எல்லாவற்றிலும் மேலாகப் பின்வளவுக் கக்கூஸ். அந்தக் காலத்து வீடுகளில் அது வளவின் கடைசியில் தனியாக நிற்கும். காற்சட்டையை அவசரத்தில் இறக்குகிறவனிடமிருந்து நாணயம் விழாமல் என்ன செய்யும்?

கதவைத் தட்டி அனுமதி கேட்பதுதான் சங்கடம். கறுப்புத் தோலும் காதில் பெரிய ஹெட்ஃபோனுமாக ஒருவன் வந்து, உங்கள் பழைய கக்கூஸைச் சுற்றித் தோண்டலாமா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒரு வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தாராளமாகத் தோண்டு. ஆனால் என்ன கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டாதே."

சரோவின் பிஸ்கட் டின்

அங்கே எனக்கு ஆறு பென்ஸ், ஷில்லிங், பென்னி என்று பழைய காசுகள் கிடைத்தன. எல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்தவை. எங்கள் வீட்டில் பித்தளை விளக்கைத் துலக்குகிற முறை எனக்குத் தெரியும். புளியைக் கரைத்து ஊறப்போட்டு, சாம்பலால் அழுத்தித் தேய்ப்பது. மெல்போர்னில் அப்போது புளி லேசில் கிடையாது. கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் சூட்கேசில் வந்ததை என் மனைவி சரோ பிஸ்கட் டின்னில் ஒளித்து வைத்திருந்தாள். அதில் கை வைத்தேன்.

காசுகள் அன்று அச்சடித்த மாதிரி மின்னின. குசினி ஜன்னலில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, வந்து பார் என்று சரோவைக் கூப்பிட்டேன். அவள் முதலில் பிஸ்கட் டின்னைத்தான் திறந்து பார்த்தாள்.

"ஓம், நல்லா மினுங்குது. இண்டைக்கு ரசத்துக்கு உந்தக் காசையே கரைக்கிறது?"

கடைக்காரரின் கண்ணாடி

துலக்கியதில் மிக நல்ல ஷில்லிங்கை நகரத்தில் ஒரு நாணயக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். யாரோ செத்துப்போன மாதிரி முகம் மாறியது. காசின் மேலே படிகிற கறைதான் அதன் தோல், நீ தோலை உரித்திருக்கிறாய் என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. விலையைக் குறைக்க நாடகம் போடுகிறான் என்று நினைத்தேன். காசைப் பறித்துக்கொண்டு புறப்பட்டபோது பின்னால் இருந்து சொன்னார்:

"இனிமேலாவது அழுக்கோடு கொண்டு வா."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதற்குமேல் எழுத எதுவும் இருந்திருக்காது.

எல்சியின் கொடி

எல்சி எங்கள் தெருவின் கோடியில் தனியாக இருந்த விதவை. என்னைத் தேடி வந்த முதலாவது வாடிக்கையாளர் அவர்தான். வீட்டை விற்றாயிற்று, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், தான் வெரிபீ என்ற ஊரில் மகளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். போகுமுன் ஒரு பென்னி வேண்டுமாம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் புறப்பட்ட அன்று அவருடைய கணவர் ஒரு பென்னியில் தங்கள் இருவரின் முதலெழுத்தையும் ஆணியால் கீறிக் கொடுத்திருக்கிறார். அவர் திரும்பி வரவில்லை. சமைக்கும்போது இடுப்பில் கட்டுகிற ஏப்ரனின் பையிலேயே வைத்திருந்த காசு, ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது எங்கோ விழுந்துவிட்டது. வருடக்கணக்காகப் புல்லைக் கிளறிப் பார்த்திருக்கிறார்.

நான் அந்தக் கொடியின் கீழே இரண்டு சனிக்கிழமை முழங்காலில் நின்றேன். நான்கு பென்னிகள் கிடைத்தன. நான்கும் பச்சைக் கட்டி. ஒன்றில் சாய்வாக ஒரு கோடு தெரிந்த மாதிரி இருந்தது. என் மண்வெட்டி பட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எல்சியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். எழுத்துத் தெளிவாகத் தெரிய, பளிச்சென்று கையில் வைத்து அவரை அதிசயப்படுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். அவர் வாசல்வரை வந்தார்.

"எது என்று தேடவேண்டியதில்லை. பார்த்தவுடன் உனக்கே தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை

விடிந்ததும் புளி கரைத்தேன். ஊறவைத்தேன். சாம்பல் போட்டு, மனதில் நல்ல எண்ணத்தோடு, பலமாகத் தேய்த்தேன். நான்கும் ஒன்றுபோல் சிவந்து மின்னின. ஒன்றிலும் எழுத்து இல்லை. ஜன்னலடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேற்றுக் கோடு தெரிந்தது எதில் என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை. ஆணிக் கீறல் அந்தப் பச்சைத் தோலில்தான் மிஞ்சியிருந்தது. அதை நான் வாய்க்காலில் ஊற்றிவிட்டேன். சரோ எட்டிப் பார்த்தாள். அன்றைக்குப் புளியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான்தான் அழித்துவிட்டேன் என்றேன். எல்சி நான்கையும் உள்ளங்கையில் வாங்கி, பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதில் ஒன்று அவருடையதுதானே. நான்கும் என்னிடமே இருக்கட்டும்."

அத்தனை வருடம் மண் பத்திரமாக வைத்திருந்த இரண்டு எழுத்தை ஒரு காலைக்குள் அழிக்க, எனக்கு எலுமிச்சம்பழ அளவு புளியும் ஒரு நல்ல மனதும் போதுமாக இருந்தன.