இரண்டு இருபதுக்கு மாட்டிய கொக்கி

1992ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. அன்றைய நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பிற்பகல் இரண்டு இருபதுக்கு நேராக என் கையெழுத்தில் ஒரு வரி: 'எல்லாம் அதனதன் இடத்தில். கதவு மூடியாயிற்று.' இத்தனை வருடங்களாக நான் எழுதியவற்றில் என்னைப் பயமுறுத்தும் வரி இது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்த பொருளை அளந்து பார்த்து, ஒரு நூல் பிசகியிருந்தாலும் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்குக்கூட ஓர் ஆணி உண்டு, ஆணிக்கு மேல் ஓர் எண் உண்டு.

என் மனைவியின் தம்பி மண்ணூர்பேட்டையில் சின்னதாக ஒரு தகரப் பட்டறை வைத்திருந்தான். அந்த வருடம் ஏலத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை எடுத்தான். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் படுத்துக்கொள்ளப் பலகை அடித்து, பலகைக்கு அடியில் சாமான் வைக்க அறைகள் செய்தான். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், குடும்பத்தோடு வண்டியிலேயே தங்கி, வெட்டவெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுகிறவர்களின் படம் பார்த்திருக்கிறான். அதேபோல் ஓர் அடுப்பும் செய்தான். தகரத்தில் ஒரு பெட்டி, உள்ளே கரி, மேலே கம்பி வலை, அதற்கு மேல் ஒரு மூடி, மடக்கிக்கொள்ளக் கால்கள். நாங்கள் அதைச் 'சுடுபெட்டி' என்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த வேனில் எங்காவது கிளம்பிவிடுவோம்.

வண்டி அவனுடையது. வண்டிக்குள் ஒழுங்கு என்னுடையது. பதினேழு சாமான்களுக்குப் பட்டியல் எழுதி, அட்டையில் ஒட்டிக் கதவின் உள்பக்கம் மாட்டியிருந்தேன். சுடுபெட்டி பதினான்காம் எண், இடது பலகைக்கு அடியில். கரியை எடுக்கும் நீள இடுக்கி பதினைந்து, கதவோரம் ஒரு கொக்கியில்.

"மாமா, என் தலைமேலயும் ஒரு நம்பர் ஒட்டிடு. தொலஞ்சி போனா தேடுறதுக்கு வசதியா இருக்கும்" என்பான் மச்சான்.

"ஒட்டினாலும் நீ ஒரு இடத்துல நிக்கமாட்டேடா" என்பாள் அவன் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனது நாலு பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், மச்சான். ஏரிக்கரைச் சரிவில் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் ஏரி மீன் விற்றுக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்குப் பொரித்தும் கொடுத்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரிடம் ஆறு ஜிலேபி மீன் வாங்கி, மஞ்சள் மிளகாய்த்தூள் தடவி வலையில் சுட்டோம். மகள் மட்டும் இரண்டு மீன் சாப்பிட்டாள்.

ஒன்றேகால் மணிக்கு அந்த அம்மாள் வந்தார். "சார், எண்ணெ சட்டிய எறக்க முடியல, கை வெந்து பூடுது. அந்த இடுக்கிய கொஞ்சம் குடு சார், தோ குட்த்துடறேன்."

எனக்கு மனமில்லை. முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே நாட்குறிப்பு நோட்டை எடுத்து எழுதினேன்: 'எண் 15, மீன்கார அம்மாளிடம், 1.15.'

"கையெழுத்து வாங்கல மாமா? கைநாட்டுன்னா மை வேணுமே" என்றான் மச்சான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நோட்டையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு மேற்கே கருத்தது. வழக்கமாகச் சுடுபெட்டியை அணைக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. தண்ணீர் ஊற்றினால் தகரம் நெளிந்துவிடும், மிச்சக் கரியும் வீணாகும். அதனால் காற்றுத் துளைகளை அடைத்து, மூடியைப் போட்டு, ஒரு மணி நேரம் வெளியிலேயே விட்டுவிடுவேன். தானாக அவிந்துவிடும். அன்றைக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. துளைகளை அடைத்தேன், மூடியைப் போட்டேன், கால்களை மடக்கினேன். துளிப் புகை இல்லை. புகை இல்லையென்றால் நெருப்பு இல்லை என்று தீர்மானித்து, பதினான்காம் எண்ணை அதன் இடத்தில் வைத்தேன். மூடி ஒரு பக்கம் சரியாக உட்காராது, காற்று உள்ளே போகும் என்பது எனக்குத் தெரியும். மச்சானிடம் இரண்டு முறை குறை சொன்னவனே நான்தான்.

மகள் தூக்கம் வருகிறது என்றாள். மனைவியும் அவளும் வண்டிக்குள் படுத்துக்கொண்டார்கள். சாரல் அடிக்காமல் இருக்கக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினேன். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். அவர்கள் தூக்கம் கெடும். அதனால் வெளிப்பக்கத்திலிருந்து கொக்கியை மாட்டினேன். மணி பார்த்து எழுதினேன். பிறகு பிளாஸ்க்கில் டீ வாங்கிவர நானும் மச்சானும் குடையோடு நசரத்பேட்டை பக்கம் நடந்தோம்.

டீக்கடையை எட்டும்போது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. குடை தாங்கவில்லை. அங்கேயே ஒதுங்கினோம். சும்மா இருக்க முடியாமல் நோட்டைப் பிரித்து, வண்டியில் ஏற்றிய சாமான்களை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான் வந்தது. இடுக்கி திரும்பி வரவில்லை!

"அந்த அம்மா மழைக்குக் கிளம்பிப் போயிருக்கும்டா. இடுக்கி போச்சு" என்றேன்.

"போனா போவுது மாமா. பட்டறைல ஒண்ணு அடிச்சித் தர்றேன்."

"அதுக்கில்ல. கேட்டு வாங்கினா திருப்பித் தரணும்ல?"

அந்தக் கடையில் நின்றிருந்த நேரம் முழுக்க என் மனத்தில் இருந்தது அந்த இடுக்கிதான். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மழை கொஞ்சம் விட்டதும் திரும்பினோம். மூன்று மணி. கரைமேல் ஏறியதும் வண்டி தெரிந்தது. பின்கதவு அகலத் திறந்திருந்தது. சுடுபெட்டி சேற்றில் தலைகீழாகக் கிடந்தது. மனைவி வெறும் தரையில், சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மழை அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. சற்றுத் தள்ளி அந்த மீன்கார அம்மாள், என் மகளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்தினேன். "யாரக் கேட்டு வண்டியத் தொறந்தே? அடுப்ப எதுக்குத் தூக்கி வெளிய போட்டே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யோவ், அடுப்ப அப்பால பாரு. மொதல்ல உன் கொயந்தய பாருய்யா!"

பார்த்தேன். தூங்குகிறவள் போலத்தான் இருந்தாள். கையைத் தூக்கிவிட்டேன். அது அப்படியே தொப்பென்று விழுந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அசைவில்லை. என் காலுக்கருகே சேற்றில் ஏதோ உஸ் உஸ் என்றது. சுடுபெட்டியிலிருந்து கொட்டிய கரி. சாம்பலுக்கு உள்ளே, மழைத்துளி பட்ட இடத்தில் எல்லாம் கருத்து, மற்ற இடத்தில் இன்னும் சிவந்து கிடந்தது. நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அணைந்துவிட்டது என்று நான் முடிவுகட்டிய நெருப்பு.

மச்சான்தான் முதலில் சுதாரித்தான். எல்லாக் கண்ணாடியையும் இறக்கினான், அக்காவைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தான். அந்த அம்மாள் மீன் கூடையையும் சட்டியையும் அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையோடு ஏறிக்கொண்டார். "மூஞ்சில காத்து படணும்" என்று மகளின் தலையை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டே வந்தார். பூந்தமல்லிக்கு எத்தனை நிமிடத்தில் போனோம் என்று என் நோட்டில் இல்லை. நோட்டு எங்கே இருந்தது என்றே தெரியாது.

பாதி வழியில் மகள் இருமினாள். வாந்தியெடுத்தாள், அந்த அம்மாளின் புடவை முழுக்க. கண்ணைத் திறக்காமலே முனகினாள்: "அம்மா... மீன் நாத்தம்."

"ஆமாடி ராசாத்தி, மீன்காரி மடில படுத்துகினா மல்லிப்பூவா மணக்கும்?" என்றார் அவர். சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

மருத்துவமனையில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய இடத்தில் கனலும் கரி ஒரு விஷவாயுவை விடும், அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது என்று மருத்துவர் விளக்கினார். "நெருப்பு அணைஞ்சிருக்குன்னு எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டார். "புகை இல்ல டாக்டர்" என்றேன். தொழிற்சாலையில் ஒருவன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அவன் வேலைக்கு எத்தனை சிவப்புச் சீட்டு கட்டியிருப்பேன்!

மனைவிக்குப் பேச்சு தெளிந்ததும் சொன்னாள்: "நடுவுல முழிப்பு வந்துதுங்க. தலை பாறையா கனத்துது. எழுந்து கதவத் திறக்கலாம்னு பார்த்தேன், கால் என் பேச்சைக் கேக்கல." நான் வெளிக்கொக்கி மாட்டியிருந்ததை அவளுக்கு அப்போது சொல்லவில்லை. அவள் எழுந்து வந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. அவள் எழுந்துபோய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த அம்மாளிடம் கேட்டேன், உள்ளே ஆபத்து என்று எப்படித் தெரிந்தது என்று.

"எங்க ஊட்டாண்ட ஒரு தபா இப்டித்தான் சார். புள்ள பெத்தவளுக்குக் குளுருதுன்னு கரி சட்டிய உள்ள வெச்சி கதவ சாத்திட்டாங்கோ. மயங்கிப் பூட்டா. நல்லவேள பொழச்சிகினா." ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டார். "நீ அடுப்ப உள்ள வெச்சி சாத்தினத நான் பாத்துகினுதான் சார் இருந்தேன். கரி இன்னும் வெந்துகினு கீதேன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ மணி பாத்து நோட்ல எய்திகினு இருந்தே. இவ்ளோ கணக்கா கீற மனுசன் தெரியாமலா வெப்பான், நாம போயி இன்னா சொல்றதுன்னு உட்டுட்டேன்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"மனசு கேக்கல. ஆனா மூடிகினு கீற வண்டிய நான் எப்டி சார் தட்றது? திருடின்னு சொல்லிட்டா? அப்பதான் உன் இடுக்கி கைல இருந்துது. இத்த குடுக்க வந்தேன்னு சொல்லிக்கலாமேன்னு வந்து தட்டினேன். ரெண்டு தபா தட்டினேன், சத்தமே இல்ல. கொக்கிய எடுத்துட்டேன்."

அவர் பேசாமல் போனதற்குக் காரணம் என் நோட்டு. அவர் கதவைத் தட்டுவதற்குக் கிடைத்த ஒரே சாக்கு, அந்த நோட்டில் நான் வராக்கடன் போல எழுதி வைத்திருந்த இடுக்கி. அன்று வண்டியில் பதினாறு சாமான்கள் அதனதன் இடத்தில் இருந்தன. இடத்தில் இல்லாத பதினேழாவது சாமான்தான் என் மனைவியையும் மகளையும் வெளியே கொண்டுவந்தது.

மறுநாள் காலை இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் நாலு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். மனைவி அவருக்கு ஒரு புடவை எடுத்திருந்தாள். வாங்கிக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட உடு சார், புள்ளயப் பெத்தவன் கத்தாம இன்னா பண்ணுவான்" என்றார். அடுப்புக்காகக் கத்தினேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு, "அந்த இடுக்கிய மட்டும் குட்த்துட்டுப் போ. சட்டி எறக்க தோதா கீது" என்றார். கொடுத்தேன். இந்த முறை எதிலும் எழுதவில்லை.

மச்சான் வேறு இடுக்கி அடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். வண்டியை விற்கும்வரை பதினைந்தாம் எண் கொக்கி காலியாகவே இருந்தது. வெளிக்கொக்கியை அன்றே பிடுங்கி எறிந்தோம்.

இப்போதும் நாட்குறிப்பு எழுதுகிறேன், பட்டியல் போடுகிறேன்; குணம் மாறிவிடுமா என்ன! ஆனால் எந்தக் கதவை மூடுவதற்கு முன்னாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் முகத்தை ஒருமுறை பார்க்கிறேன், சொல்ல வந்து சொல்லாமல் நிற்கிறாரோ என்று.