யோகலிங்கத்தாரின் பெட்டகம்

முரசுமோட்டையில் யோகலிங்கத்தார் வீட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்தப் பெட்டகத்தை எப்பிடி உள்ளை கொண்டு வந்தனீங்கள்?" அவருடைய மனைவி வடிவம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "கொண்டு வரேல்லை. அதைச் சுத்தித்தான் இவர் வீட்டைக் கட்டினவர்."

உண்மை அதுதான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வளவில் வீடு இல்லை. கூரை, கதவு, யன்னல் எல்லாம் போய்விட்டன. தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்தபோது கொண்டுவந்த முதிரை மரப் பெட்டகம், ஆள் ஏறிப் படுக்கக்கூடிய அந்தப் பெரிய மரப்பெட்டி மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. யாராலும் தூக்க முடியாததால் தப்பியிருக்கிறது! புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய அன்று மேசன் அதை நகர்த்தச் சொன்னார். நல்ல நேரம் போகப்போகிறது என்று யோகலிங்கத்தார் அவசரப்படுத்தினார். சுவர் எழும்பியது. வாசல் மூன்றடி. பெட்டகம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நாலடி.

விதைநெல், காணி உறுதிப்பத்திரம், மகள் பிரஷாந்தினியின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் ஏறிப் படுத்தாரென்றால், யார் வந்தாலும் எழும்பமாட்டார்.

இந்த வருடம் பிரஷாந்தினிக்குக் கலியாணம் பேசி முற்றானது. வீடு மகளுக்குச் சீதனம். அங்கேதான் வந்தது வினை.

"வீடு என்ரை எண்டால் ஹோலும் என்ரைதானே அப்பா? சோபா போடோணும். வீரபாகு மாமாட்டைச் சொல்லி இதை அறுத்து எடுங்கோ."

எழுதிக் கொடுத்தபின் எந்த முகத்தோடு மறுப்பது? மூன்று நாள் யோகலிங்கத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. வயலுக்குப் போனவர் வரம்பில் சும்மா இருந்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தச்சுவேலை வீரபாகு வாளோடு வந்து சேர்ந்தார். அதே நேரம் வவுனியாவிலிருந்து சோபாவும் லொறியில் வந்தது. பிரஷாந்தினி போனில் படம் பார்த்துத் தெரிவு செய்தது. நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். நேராகப் போகவில்லை. சரித்தோம், நிமிர்த்தினோம், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தோம். ம்ஹூம். பிள்ளை வாசலை அளக்காமல் வாங்கியிருக்கிறாள்.

"தேப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கு" என்றார் வடிவம்மா.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பிரஷாந்தினியும் கடைசியில் அடக்கமாட்டாமல் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டாள்.

பிறகு என்ன நினைத்தாளோ, சோபாவின் மெத்தைகளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவற்றைப் பெட்டகத்தின்மேல் வரிசையாக அடுக்கினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. ஏறி இருந்து காலை ஆட்டிப் பார்த்தாள்.

"வீரபாகு மாமா, தேத்தண்ணி குடிச்சிட்டு வாளைக் கொண்டு போங்கோ."

யோகலிங்கத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தெரியாத மனிதர். அன்று மத்தியானம் மூன்று நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் பெட்டகத்தில் ஏறிப் படுத்தார்.

"அப்பா, இறங்குங்கோ! இது இனி என்ரை பெட்டகம்."

ஒரு கட்டளைக்கு இவ்வளவு சந்தோஷமாகக் கீழ்ப்படிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இறங்கி வந்து, மாமரத்தடியில் கிடந்த மெத்தையில்லாத சோபாவில் சரிந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.