வட்ட மேசைச் சாப்பாடு

சீனாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்குத் திரும்பி வந்தவன் நான். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாம்பு தின்றாயா, தவளை தின்றாயா? முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாகவே பதில் சொன்னேன். அடுத்த ஆள், டவுன்ஷிப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அதையே கேட்டபோது, ஆமாம் சார், கேள்வி கேட்ட ஒருத்தரையும் சேர்த்துத் தின்றேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை இத்தனை காலம் தாங்கியவள் என் மனைவி ஒருத்திதான்.

பாய்லர் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பாகங்கள் சீனாவில் ஒரு தொழிற்சாலையில் தயாராகின்றன, கூடவே இருந்து பார்த்துச் சரி சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். புறப்படும்போது என் மனைவி எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் பாட்டில் பாட்டிலாகக் கட்டிக் கொடுத்தாள். நான் பட்டினி கிடந்து செத்துவிடுவேன் என்று அவள் நிஜமாகவே பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தொழிற்சாலை மெஸ்ஸில் எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசைகள். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெறும் சோறு. மற்றதெல்லாம் நடுவில். முழு மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, தக்காளியும் முட்டையும், ஒரு பெரிய பாத்திரத்தில் சூப். எல்லாரும் குச்சியால் எடுத்து வாயில் வைக்கிறார்கள், அதே குச்சியைத் திரும்பவும் மீனில் விடுகிறார்கள். கரண்டி தட்டில் பட்டாலே எச்சில் என்று கழுவி வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். முதல் மாதம் முழுக்க, மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், என் பங்கைத் தனித் தட்டில் எடுத்துக்கொண்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து ஊறுகாயோடு விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். ஏழே நிமிஷம். ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடிப் பழகிய வயிறு அது.

அங்கே வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையில் ஓர் அம்மாள் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் மூலையை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். மீனின் வயிற்றுப் பக்கத்துச் சதையைத் தன் குச்சியாலேயே கிள்ளி என் கிண்ணத்தில் வைத்தார். மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். உயிர் ஒன்றும் போகவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. குன்று மாதிரி சோறு போட்டுக்கொள்கிறவன் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தினேன். வெந்நீர் குடிக்கப் பழகினேன். கீரையைத் தொடாதவன் கீரைக்காகக் காத்திருந்தேன். இரண்டாவது ஊறுகாய் பாட்டில் திறக்காமலே கிடந்தது. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை, தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். ஆனால் உண்மையில் மாறியது நாக்கு இல்லை. ஏழு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. பாஷை அரைகுறைதான், இருந்தாலும் பேசினோம், சிரித்தோம். நல்ல துண்டாகப் பார்த்து அடுத்தவர் கிண்ணத்தில் வைக்க நானும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மறுநாள் போனால், ஏன் வரவில்லை என்று ஏழு பேரும் கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என்னை யாராவது தேடியது அதுதான் முதல் தடவை.

ஒரு மத்தியானம் அந்த அம்மாள் போனில் எதையோ பேசி, அதைத் தமிழாக மாற்றி என் முன்னால் நீட்டினார். உங்கள் மனைவிக்கு மீனில் எந்தப் பகுதி பிடிக்கும் என்று கேட்டிருந்தார். தலை என்று சொல்லிவிட்டேன். அது பொய். எனக்குத் தெரியாது. கல்யாணமாகி அப்போது பத்தொன்பது வருஷம். அவள் குழம்பை முதலில் ஊற்றுவாளா, ரசம் சேர்த்துக்கொள்வாளா, மோருக்கு எதைத் தொட்டுக்கொள்வாள், எதுவுமே தெரியாது. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நான் சாப்பிடும்போது நின்று பரிமாறுவாள், நான் எழுந்து போனபிறகு சாப்பிடுவாள். அன்று ராத்திரி வீடியோ காலில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அப்புறம் சாப்பிட்டுக்கறேன் என்றாள். அவள் எப்போதும் சொல்லும் பதில்தான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

மிச்சமிருந்த நாட்களில் எனக்கு ஒரே ஆசைதான். ஊருக்குப் போக வேண்டும், அவளை எதிரில் உட்கார வைத்து, நானும் அவளுமாகச் சேர்ந்து சாப்பிட வேண்டும். இதைவிட லேசான ஆசை உலகத்தில் உண்டா என்று நினைத்திருந்தேன்.

வந்த மறுநாளே சொன்னேன். நீயும் தட்டு வை, சேர்ந்து சாப்பிடலாம். நீங்க சாப்டுகினு இருங்க, அப்பளம் பொரிக்கணும் என்றாள். அடுத்த நாள் ரசம் கொதித்தது. அதற்கடுத்த நாள் யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். மகள் சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்குள் இத்தனை வேலை எங்கிருந்துதான் வருகிறதோ! ஒருநாள் பாத்திரங்களை எல்லாம் நானே மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். வைத்த வேகத்தில், அந்த ஊர்ப் பழக்கத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையையே குழம்புச் சட்டியில் விட்டுத் துண்டை எடுத்துவிட்டேன். என் மனைவி அலறாத குறை. சட்டி மொத்தமும் எச்சிலாகிவிட்டதே, இனி இதை வைத்து என்ன செய்வது என்று அரை மணி நேரம் புலம்பினாள். பாவம், அவள் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் கோபம் வந்து பாதியில் கை கழுவினேன்.

அந்த மேசையை நினைத்து நினைத்து ஏங்கிப் போனேன். ஏழு கடல் தாண்டி முகம் தெரியாத ஏழு பேரோடு உட்கார்ந்து தின்றவனுக்குச் சொந்த வீட்டில் எதிர் நாற்காலி காலி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் நல்ல சங்கரா மீனாக வாங்கினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரைக்கே போய்க் கேட்டேன்.

"உனக்கு மீன்ல எந்தத் துண்டு புடிக்கும்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எது மிஞ்சுதோ அது."

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்பை நானே அணைத்தேன். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து எதிரில் உட்கார வைத்தேன். கரண்டியால், சுத்தமான கரண்டியால், நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. என் தட்டில் சோறு குறைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்திருக்கப் போனாள், இரண்டு தடவையும் உட்கார் என்றேன். இரண்டாவது தடவை என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல ஒருநாள் நானும் தட்டு வச்சிகினு உங்ககூட உக்காந்தேங்க. அப்ப ரசம் யாரு எடுத்தாறதுன்னு கேட்டீங்க. எழுந்துட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் நான் கேட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

"அப்பறம் அதுவே பழகிப்போச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம் நான் உக்கார்ற அந்த அரைமணி நேரந்தான் எனக்குன்னு இருக்குது. அப்ப என்னை யாரும் கூப்ட மாட்டாங்க. நீங்க இப்ப வந்து அதையும் கேக்கறீங்க."

மிச்சத்தைச் சாப்பிட்டு எழுந்தேன். என் தட்டை நானே கழுவி வைத்துவிட்டு வெளி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். சாய்வாக வெயில் அடித்தது. உள்ளே நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. போனில் ஏதோ காமெடியைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில், அடக்க முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நான் போனால் எழுந்துவிடுவாள். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.