மானுக்கு எடுத்துப்போன மல்லாட்டை

என் ஓரகத்தி கலைமதியைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் வாயில் மண் விழ! பெருமுக்கலில் அவளைப்போல் சிக்கனமாகக் குடித்தனம் செய்தவள் யார்? விதைத்தது போக மிஞ்சிய வேர்க்கடலையில், எங்கள் ஊர்ப்பேச்சில் மல்லாட்டையில், பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க மருந்துத்தூள் கலந்திருக்கும். அதை நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுக்கு வைக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. இதுவரை ஒரு மாடும் சாகவில்லை.

காணும் பொங்கலுக்கு வேன் பேசி, எங்கள் இரண்டு குடும்பமும் வண்டலூர் போனோம். அவள் மகள் ஆர்த்திக்கு ஏழு வயது. மான் பார்க்கவேண்டுமென்று எங்கள் உயிரை வாங்கியவள் அவள்தான். வாயில்லா ஜீவனை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பதா என்று, கலைமதி ஒரு பை மல்லாட்டையை அலசி எடுத்து வந்தாள். "இது மானுக்குடி, நீ தின்னக்கூடாது" என்று மகளிடம் சொல்லியும் வைத்தாள். அவள் புருஷன் குமரேசன், என் கொழுந்தன், முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தான். பையை அவன் கவனிக்கவில்லை.

மான்கள் இருந்த வேலியோரம் காவலாளி தடுத்துவிட்டார்.

"எதுவும் போடக்கூடாதும்மா. பையை மூடு."

கலைமதிக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு கை மல்லாட்டையில இவுங்க மான் கெட்டுப்பூடுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, பையை வேன் சீட்டுக்கடியில் செருகினாள்.

திரும்பும்போது அச்சிறுபாக்கத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவேயில்லை. அலுப்பில் எல்லோரும் தூங்கிவிட்டோம். குழந்தை பசி தாங்காமல் அந்தப் பையை எடுத்துத் தின்றிருக்கிறாள். நாங்கள் விழித்தபோது அவள் உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது.

திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மல்லாட்டையில் என்ன கலந்தது என்று டாக்டர் கேட்டார்.

"பூஞ்சாண மருந்துதாங்க. நல்லா அலசிட்டேங்க" என்று கலைமதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அதுக்கு இப்படி வராதே. வேற ஏதாவது கலந்தீங்களா? தெரிஞ்சாத்தான் சரியான ஊசி போட முடியும்."

குமரேசனைத்தான் பார்த்துக் கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

குழந்தைக்கு மூச்சுத் திணறிய பிறகுதான் அந்தப் பாவி எங்கள் எதிரிலேயே என் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மயிலுங்க வெதைய கெளறிக்கினே இருந்துச்சிண்ணே. அதுக்கோசரம் வேற விஷம் கலந்தேன். வெளிய சொன்னா பாரஸ்ட்காரங்க கேஸு போட்டு உள்ள தள்ளிடுவாங்களே!"

என் புருஷன் டாக்டரிடம் ஓடினார். அதற்குள் ஆர்த்தி போய்விட்டாள். பச்சை மண்ணய்யா அது!

காரியத்தன்று, பெற்றவளே விஷம் வைத்தாள் என்று சொந்தங்கள் ஒப்பாரி வைத்தார்கள். குமரேசன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே பேசியவள் கலைமதி. எழுந்துபோய் அவன் எதிரே நின்றாள்.

"டாக்டரு கேட்டப்பவே சொல்லியிருந்தா உன்ன ஜெயில்லதானய்யா போட்டிருப்பாங்க? நானும் எம் பொண்ணும் மனு போட்டு வந்து உன்னப் பாத்திருப்பமே!"