நாற்பத்தைந்தில் ஓடிய ஜாஸ்

ஞாயிறுதோறும் எங்கள் திருச்செங்கோட்டு வீட்டுக்கு ஜாஸ் கேட்க வரும் நண்பர்களுக்கு,

இன்று காலை, சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த ஹார்ட் பாப் ஜாஸ் குழுவின் இசைத்தட்டைப் போட்டேன். எல்லாம் பழைய காதல் பாடல்கள், நமக்கு மனப்பாடம். ஆனால் இன்று டிரம்பெட் இழுத்து இழுத்து அழுதது.

அண்ணி அப்போதுதான் பிளேயரைத் துடைத்திருந்தார்.

"என்னத்தைங்க அண்ணி கெடுத்து வெச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"தொடைக்கறப்ப அந்தக் குச்சி நவுந்துருச்சுங்க தம்பி. அதுக்கு ஏன் இப்படிச் சத்தம் போடறீங்க?"

குனிந்து பார்த்தேன். வேகத்தை மாற்றும் குச்சி, நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்ற இடத்தில் நின்றது. தட்டின் லேபிளிலும் முப்பத்து மூன்றுதான். இத்தனை மாதமாக நான் அதை நாற்பத்தைந்தில் ஓட்டியிருக்கிறேன்.

அந்த வேகம்தான் ஹார்ட் பாப்பின் உயிர் என்று உங்களுக்கு வகுப்பெடுத்தேன். டிரம்ஸ்காரருக்கு நாலு கை என்றுகூடச் சொன்னேன்.

அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தாங்க பாட்டாட்டம் இருக்குது. இத்தன நாளா கெணத்துக்குப் போர் போடற வண்டி ஓடறாப்பல இருந்துச்சு."

மன்னிப்புக்குப் பதிலாக, தட்டை அவருக்காகத் திருப்பிப் போட்டேன்.

நீங்கள் அன்றைக்குத் தலையாட்டியது ரசித்தா, என் முகத்துக்காகவா? எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள். இந்தத் தடவை நான் பேசமாட்டேன்.