தாவலுக்கு அடுத்த வரி

நாமக்கல் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் பாடத்திட்டம் மாறியது. புதிய ப்ராசஸரின் கட்டளைகளைச் சொல்லித்தர வேண்டும். ஆய்வகத்தில் இருந்ததோ பழைய ப்ராசஸரைப் போல நடித்துக் காட்டும் சிமுலேட்டர். நானே மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

மாற்றிய பிறகு, சோதனைக்கு நான் எழுதிய ப்ரோக்ராம்கள் எல்லாமே சரியாக ஓடின. ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அவற்றையே மாதிரியாகப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு வெளிக்கல்லூரித் தேர்வாளர் வந்திருந்தார். அம்மாபேட்டை மாணவி ஒருத்திக்கு அது கடைசி அரியர். தேறினால்தான் கிடைத்த வேலையில் சேர முடியும். வகுப்புக்கு வராமல் புத்தகம் பார்த்துத் தானே படித்தவள். மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண வேண்டும். அவள் திரையில் விடை தாறுமாறாக வந்தது. எட்டிப் பார்த்தேன். எழுதியது முழுக்கச் சரி.

பிறகுதான் உறைத்தது. பழைய ப்ராசஸரை ப்ரோக்ராமின் வேறொரு வரிக்குத் தாவச் சொன்னால், அந்தக் கட்டளைக்குக் கீழே இருக்கும் அடுத்த வரியையும் செய்துவிட்டுத்தான் தாவும். அதனால் தாவலுக்கு அடுத்து ஒன்றும் செய்யாத வெற்று வரி ஒன்றை வைப்போம். புதியதில் அது தேவையில்லை. சிமுலேட்டரிலிருந்து அந்தப் பழைய குணத்தை நீக்க மறந்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் என் ப்ரோக்ராம்களில் எல்லாம் வெற்று வரி இருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. அவளோ தாவலுக்கு அடுத்த வரியிலேயே வகுத்தலை எழுதியிருந்தாள்; அது, கூட்டல் முடியும் முன்பே ஒவ்வொரு சுற்றிலும் நடந்துகொண்டிருந்தது.

தேர்வு நடக்கும்போது சொல்லலாமா என்று தயங்கினேன். அதற்குள் அவள் எதையெதையோ மாற்றி, வகுத்தலுக்கு முன்னால் வேண்டாத ஒரு வரியை நுழைத்துவிட்டாள். சரியான விடை வந்தது.

தேர்வாளர் அந்த வரியில் விரல் வைத்தார். "இது எதுக்கும்மா?"

"தெரியலீங்க சார். எடுத்தா தப்பா வருதுங்க."

"தெரியாமயே எழுதினயா? யாரைப் பாத்து எழுதின?"

அவள் கண் கலங்கியது. அவர் பேனாவைத் திறந்தார்.

"அந்த வரி அவளுக்கு வேண்டியதே இல்லீங்க சார்," என்றேன். "சிமுலேட்டர்ல தப்புங்க. மாத்துனது நானுங்க."

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, அவளுக்கு மதிப்பெண் போட்டார். பிறகு மற்ற திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் தாவலுக்கு அடுத்து, நான் கொடுத்த மாதிரியில் இருந்த அதே வெற்று வரி.

"அப்ப இந்தப் பொண்ணைத் தவிர யாருமே சொந்தமா எழுதலீங்களா மேடம்?" என்றார்.