அழகு காட்டுகிறார் என்று நினைத்தேன்

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஆடி மாசம். ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பவர்லூம் ஷெட். நாலு தறியும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் வாயசைவிலேயே பேசிக்கொள்வோம். வேலைக்குப் போகாமல் எங்களோடு இருந்த என் தம்பியைப் பற்றிய சண்டைகூட அப்படித்தான். பிடிக்காத பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்!

அன்றைக்குக் காலையில் எதிர்த் தறியிலிருந்து ஏதோ கேட்டார். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. குசும்பு பிடித்த மனுஷன், எனக்கு அழகு காட்டுகிறார் என்று நானும் பதிலுக்கு வாயைக் கோணிக் காட்டினேன். வழக்கமாகச் சிரிப்பார், அன்று சிரிக்கவில்லை. அறுந்த இழையைப் பிடிக்கத் தூக்கிய வலது கை தொப்பென்று விழுந்தது. ஓடிப்போய்த் தறிகளை நிறுத்தினேன். அப்புறம்தான் அவர் பேச்சு குழறுவதே காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கையும் வாயும் பழையபடி ஆகிவிட்டன.

"அதான் சரியாப் பூடுச்சே. வெள்ளிக்கிழமை படவேடு போயி ரேணுகாம்பாளைக் கும்பிட்டுகினு வந்துடலாம்" என்றார்.

"அவதான் என் கண்ணுல காட்டிக்கீறா. ஜல்தி கிளம்புங்க" என்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

கழுத்தை ஸ்கேன் எடுத்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். அதைவிட ஆபத்து, அந்த இடம் புண் மாதிரி அழன்று கிடப்பதாம். அங்கே சுரக்கிற ஒரு என்சைம் கொழுப்பின் மேல்மூடியை அரித்துக்கொண்டே இருக்குமாம். மூடி கிழிந்தால் ரத்தம் கட்டி, மூளையில் போய் அடைத்துக்கொள்ளும். காலையில் வந்தது முன்னெச்சரிக்கைதான், விட்டிருந்தால் ஆளே படுத்த படுக்கையாகியிருப்பார் என்றதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளயே குந்திகினு சத்தமில்லாம தின்னுகினு கீதா? அப்போ அது உன் தம்பிதாண்டி!" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. பீடியைத் தலைமுழுகினார். இன்றைக்கும் மாத்திரை போடும்போதெல்லாம், "மச்சானை அடக்கியாச்சு" என்பார். என் தம்பி முறைப்பான்.

காதைக் கெடுக்கிற பேஜார் பிடித்த சத்தம் என்று அந்தத் தறிகளை நான் திட்டாத நாளில்லை. அந்தச் சத்தம்தான் அவர் பேசும்போது முகத்தைப் பார்க்க என்னைப் பழக்கியது. அதனால்தான் இதை எழுதும் இந்த நேரத்திலும், என் எதிரில் உட்கார்ந்து நிஜமாகவே அழகு காட்டிக்கொண்டிருக்கிறார்.